திருவாளர் என்னங்க

மெய்த்துணை உறுதிப்பாட்டு வாரியம் முழுக்க முழுக்க மனிதாபிமான நோக்கத்துக்காகவே நிறுவப்பட்டது என்று அதன் வாசலுக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மனிதாபிமானத்தைக் கல்லில் வெட்ட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் போவதில்லை. உள்ளே போகிறவர்களுக்குக் கேட்கிற தைரியம் இருப்பதில்லை.

வாரியத்தின் வேலை இதுதான். பிழைப்புத் தேடி அந்த நாட்டுக்கு வந்த ஒருவன் தன் மனைவியை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அவர்கள் நிஜமாகவே கணவன் மனைவிதான் என்று வாரியம் திருப்திப்பட வேண்டும். பொய்க் கல்யாணம் செய்துகொண்டு நாட்டுக்குள் நுழைகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான் வாரியமே. ஆனால் அப்படிப்பட்டவர்கள் யாரும் இதுவரை பிடிபட்டதில்லை. அவர்கள் எல்லாக் கேள்விகளுக்கும் நன்றாகப் படித்துக்கொண்டு வந்து, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து, டாண் டாண் என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் நிஜத் தம்பதிகள்தான்.

அப்படி மாட்டிக்கொண்ட இருவரில் கணவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். மனைவி ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவன் காலையில் போய்ப் பொழுது சாயும்போது விறைத்துப்போய் வருவான். அவள் அவன் வரும்போது கிளம்பிப்போய் விடிந்ததும் வெந்துபோய் வருவாள். "உங்க ரெண்டு பேரையும் ஒரு பக்கெட்ல ஊத்திக் கலக்கினா குளிக்கிற பதம் வரும்" என்பான் அதே கிடங்குக்கு லாரி ஓட்டும் லாரிக்கார அண்ணன். அவர்கள் தங்கியிருந்த அறைக்கு ஒரே சாவி. அதை பஸ் நிறுத்தத்தில் கைமாற்றிக்கொள்ளும்போது பேசுவதுதான் அவர்களுடைய குடும்பப் பேச்சு.

இருந்தாலும் அது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கல்யாணமான சில மாதங்களிலேயே அவன் தனியாகக் கிளம்பி வந்தவன். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் போனிலேயே குடித்தனம். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்கும்போது லைன் போய்விடும். அவன் சாப்பிட்டானா இல்லையா என்று தெரியாமலேயே படுத்துக்கொள்வாள். எப்படியோ அவளுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்து வந்து சேர்ந்தாள். அந்த அனுமதி இப்போது முடியப்போகிறது. வாரியம் சரி என்றால் அவள் இருக்கலாம். இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். அவனுடைய வேலை ஒப்பந்தமோ பாதியில் விட்டுவிட்டுக் கூடவே போகக்கூடியது அல்ல. ஆகவே மறுபடியும் போன் குடித்தனம்தான்.

முதல் விசாரணைக்கு அவர்கள் விடிந்ததும் போய்விட்டார்கள். அவள் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் அவை வாரியத்தின் உயர்தர விருந்தினருக்கானவை என்று எழுதியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கி விழுவதைப் பார்த்த வாசல் காவலாளி தன்னுடைய மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். அவளுடைய பாஷை அவனுக்குத் தெரியாது. அவள் அப்போதுதான் கணவனைப் பார்த்து, "என்னங்க, தண்ணி இருக்கா?" என்று கேட்டிருந்தாள். அந்த முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தட்டிக் காட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "என்னங்க" என்றான் காவலாளி.

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மரியாதையாக ஒருவரைக் கூப்பிடுகிற சொல் அது என்பதை அந்தக் கட்டடத்தில் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். அவன் பள்ளிக்கூடம் பக்கம் போனவனா என்று தெரியவில்லை. நாற்காலி கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஆண்டவன் மற்றதையும் கொடுத்துவிடுகிறான் போலிருக்கிறது.

உள்ளே அவளை மட்டும் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி இளைஞர். சிரித்த முகம். சிரிப்பதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் கழுத்துப் பட்டி கட்டிய மொழிபெயர்ப்பாளர். தமிழர்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு விஷயத்தை ஒப்பித்தார்.

"அம்மா, அவங்க சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன். நீங்க சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்வேன். சொந்தமா ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், விளக்கமும் சொல்ல மாட்டேன். என்னை ஒரு குழாய்ன்னு நெனச்சுக்கோங்க."

"குழாயாங்க?"

"ஆமா. தண்ணி வரும். குழாய் பேசாது."

அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். குழாய் அதைத் தமிழில் விட்டது. "உங்க கணவர் பேர் என்ன?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "அவர் பேருங்களா? அதான் பாஸ்போர்ட்ல போட்டிருக்கே."

"நீங்க வாயால சொல்லணுமாம்."

"வாய்ல வர மாட்டேங்குதுங்க."

கணவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லி வைத்ததை அவள் நம்பினாளா என்றால், நம்பவில்லை. ஆனால் நம்பாத ஒரு விஷயத்துக்காக எதற்கு வீணாக அவன் ஆயுசைப் பணயம் வைப்பது என்று இருந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இப்போது சொல்லாவிட்டால் விமானம். கண்ணை மூடிக்கொண்டாள். கசப்பு மாத்திரையை விழுங்குகிறவள்போல முகத்தைச் சுளித்து, அவன் பெயரைத் தொண்டைக்குள்ளேயே சொல்லி முடித்தாள். அதிகாரி எழுதிக்கொண்டார்: 'நீண்ட தயக்கம். கணவர் எனப்படுபவரின் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறார். உச்சரிக்கும்போது வேதனை.'

"சரி, வீட்ல அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னுதான்." அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் வாயைத் திறந்து மூடினார். ஒருவரை அழைக்கப் பயன்படும் சொல் எதுவானாலும் அது பெயர், பெயர்களை மொழிபெயர்க்கலாகாது என்பது வாரியத்தின் விதி. அதனால் அந்தச் சொல்லை அப்படியே அந்தப் பக்கம் விட்டார். அதிகாரி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரலில் புது ஆர்வம் தெரிந்தது.

"உடம்பு சரியில்லைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னு ஒரு குரல் கொடுத்தாப் போதும். உடனே எந்திரிச்சு வந்துருவாரு."

"பயமா இருந்தா?"

"அப்பவும் என்னங்கன்னுதான்."

"சந்தோஷமா இருந்தா?"

"அப்ப இன்னும் சத்தமா."

அதிகாரி வெகு நேரம் எழுதினார்.

அடுத்தது கணவன். மனைவியை எப்படிக் கூப்பிடுவாய் என்ற கேள்விக்கு அவன் யோசிக்காமல், "ஏம்மா, இங்க வாம்மான்னு கூப்பிடுவேன்" என்று சொல்லித் தொலைத்தான். இதிலும் அதே விதிதான் பொருந்த வேண்டும். ஆனால் 'அம்மா' என்ற சொல்லுக்கு வாரியத்தின் அகராதியில் ஏற்கெனவே 'தாய்' என்று பொருள் இருந்தது, அகராதியில் இருப்பதை மீற முடியாது. அதிகாரி இருவருடைய பிறந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் அவனைவிடச் சின்னவள். 'தன்னைவிட இளைய பெண்ணைத் தன் தாய் என்று கூறுகிறார். மருத்துவரிடம் அனுப்பலாம்' என்று எழுதினார். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதிகாரி நல்ல பையன்தான். பயிற்சியில் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளில், சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு கள ஆய்வாளர்கள் கையுறை மாட்டிக்கொண்டு அறைக்கு வந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. பின்னால் குழாய். மனைவி வேலை முடிந்து வந்து அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தாள். காய்ச்சலென்று அன்றைக்குக் கணவனும் வேலைக்குப் போகாமல் குளியலறையில் இருந்தான். கதவைத் திறந்தவள் கையுறைகளைப் பார்த்ததும் பதறிப்போய் உள்ளே திரும்பி, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். கணவன் ஈரத் துண்டோடு ஓடி வந்தான்.

'என்னங்க என்பவரை அழைத்தார். அவருக்குப் பதிலாக, பாஸ்போர்ட்டில் உள்ளவர் வெளியே வந்தார். மூவருக்குள்ளும் நல்ல புரிதல் இருப்பதாகத் தெரிகிறது' என்று உயரமானவர் குறித்துக்கொண்டார்.

குட்டையானவர் தம்ளர்களை எண்ணினார். மூன்று இருந்தன.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு தம்ளர்னு கேக்கறாங்க."

"யாராவது வந்தா குடுக்கறதுக்குங்க."

"யார் வருவாங்க?"

"இப்ப நீங்க வரலியா?"

கட்டிலுக்கு வந்தார்கள். ஒரே கட்டில். ஒருவர் மட்டுமே படுக்கலாம். ஆய்வாளர் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு பேரும் எப்ப சேர்ந்து தூங்குவீங்கன்னு கேக்கறாங்கம்மா. மன்னிச்சுக்கோங்க. அந்த மன்னிச்சுக்கோங்க அவங்க சொன்னது இல்ல."

"லீவு அன்னைக்கு" என்றான் கணவன்.

"எப்ப லீவு?"

"எனக்கு ஒரு நாள், அவளுக்கு வேற நாள். என்னிக்காவது ரெண்டும் ஒண்ணா விழும். வேலை நேரத்தைப் போட்டுக் குடுக்கறது நாங்க இல்லீங்க. அனுமதி குடுத்தப்பவே நீங்கதான் போட்டுக் குடுத்தீங்க."

உயரமானவர் ஆமோதித்துத் தலையாட்டினார். வேலை நேரத்தை நிர்ணயிப்பது அவருடைய துறையேதான். ஆனால் அது நாலாவது மாடி. கள ஆய்வு இரண்டாவது மாடி. இரண்டு மாடிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கடைசியாகக் குட்டையானவரின் பார்வை சுவரில் இருந்த சாமி படத்தில் நின்றது. எதையும் தாமாக ஊகிக்கக் கூடாது, கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கள ஆய்வு விதி.

"இவர் யாருன்னு கேக்கறாங்க."

"எங்க சாமிங்க." அவள் சட்டென்று கையைக் கூப்பினாள். "எல்லாம் அவர்தான்."

"இவர் இங்கேயா இருக்காரு?"

"இங்கேயும் இருப்பாரு, எங்கேயும் இருப்பாரு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்டைப் பாத்துக்கறதே அவர்தான்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னார். குட்டையானவர் மூன்றாவது தம்ளரைத் தனியாக எடுத்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

இப்படியாக விஷயம் வாரியத்தின் முழு அமர்வுக்குப் போயிற்று. நீளமான மேஜை. அதன் தலைமாட்டில் வாரியத் தலைவி. வலப் பக்கத்தில், விசேஷமாக வரவழைக்கப்பட்ட பண்பாட்டு நிபுணர். அவர் அந்த நாட்டுக்காரர். தமிழைப் பல வருஷம் படித்தவர், ஆனால் தமிழ் பேசுகிற ஒருவரையும் பார்த்துப் பழகியதில்லை. அது ஆராய்ச்சியின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்று கருதினார். அவர் மனைவியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"அம்மையீர்! நும் கொழுநர் யாண்டு உளார்?"

அவள் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். "என்ன கேக்கறாருங்க?"

"அவர் தமிழ்ல கேக்கறாரும்மா."

"அதைக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்."

"தமிழ்ல இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் உதட்டைப் பிதுக்கினான். அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நிபுணரிடம், "எங்களுக்குக் கொழுந்தனார் யாரும் இல்லீங்க" என்றாள்.

கணவர் எங்கே என்று கேட்டிருந்த நிபுணர் திருப்தியோடு தலைவியின் பக்கம் திரும்பித் தம் கருத்தை விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பொண்ணுக்குத் தன் சொந்த மொழியே சரியா வரலையாம். அதனால இவங்க சொல்றதை வச்சு முடிவெடுக்க வேண்டாம், தான் சொல்றதை வச்சு எடுங்கன்னு சொல்றாரு... அந்தப் பேர்ல கடைசியில வர்ற 'ங்க' பன்மையாம். ஒருத்தரைக் குறிக்காதாம். அதனால என்னங்கங்கறது ஒரு ஆளா இருக்கலாம், ஒரு கூட்டமாவும் இருக்கலாமாம்."

தலைவி நாற்காலியில் நிமிர்ந்தார். "எத்தனை பேர்?"

"அது மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம். அதுக்கு அரசாங்கம் உதவணும்னு கேட்டுக்கறாரு."

கணவன் எழுந்து நின்றான். "அம்மா, என்னங்கங்கறது நான்தாம்மா! என்னைத்தான் கூப்பிடுறா. எங்க பக்கம் எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான் கூப்பிடுவாங்க!"

இதை மொழிபெயர்த்தபோது அமர்வில் சலசலப்பு எழுந்தது. எல்லாப் பெண்களும் அந்த ஆளைத்தான் கூப்பிடுகிறார்களா என்று ஓர் உறுப்பினர் திகைத்துப்போய்க் கேட்டார். தலைவி கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். பிறகு மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார். வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் பேசுகிற பேச்சுதான்.

"நாங்க அன்புக்கு எதிரிங்க இல்ல. அன்பு இருக்கட்டும், ஆனா அதுக்கு ஆதாரம் இருக்கட்டும்னுதான் சொல்றோம். ஆதாரம் இல்லாத அன்பு யார் வேணும்னாலும் வச்சுக்கலாமே? நிஜமான கல்யாணம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எனக்கே மூணு கல்யாணம் ஆகியிருக்கு. மூணுலயும் நாங்க கையைப் பிடிச்சுக்கிட்டு எடுத்த போட்டோ இருக்கு. உங்க கல்யாண போட்டோவைப் பார்த்தேன். ரெண்டு கம்பம் நட்ட மாதிரி நிக்கறீங்க. இருந்தாலும் நாங்க கல்நெஞ்சுக்காரங்க இல்ல. அதனாலதான் வாசல்ல கல்லுல எழுதி வச்சிருக்கோம்."

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. அவர்கள் பயந்ததைப்போல அது நிராகரிப்பு அல்ல. வாரியம் மிகுந்த மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டது. இந்தப் பெண்ணுக்கு உண்மையான கணவர் ஒருவர் இருக்கிறார். உடல்நலக் குறைவிலும் பயத்திலும் சந்தோஷத்திலும் அவள் அழைப்பது அவரைத்தான். அவர் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் மலர்வதை அதிகாரி நேரில் கண்டிருக்கிறார். பன்மை விஷயம் நிரூபணமாகாததால் அவரை ஒருவராகவே கொள்ளலாம். ஆகவே திருவாளர் என்னங்க அவர்களின் மனைவி என்ற முறையில் அவள் அந்த நாட்டில் தொடர்ந்து வசிக்கலாம். திருவாளர் என்னங்க நேரில் வந்து கையெழுத்திட்டு அனுமதி அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள நபர், இன்னொருவரின் குடும்பத்துக்கு இடைஞ்சலாக இருப்பதால், அந்த அறையை உடனே காலி செய்ய வேண்டும். எங்கும் இருப்பதாகச் சொல்லப்படும், படத்தில் உள்ள மூன்றாம் நபரை நேரில் அகப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

"வாழ்த்துகள்" என்றார் தலைவி மனைவியிடம். மனதாரத்தான் சொன்னார்.

அவர்கள் இருவரும் நடைகூடத்தில் வந்து நின்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரை நினைத்து அழுவது என்றே தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவர் அவள் கையில் ஒரு டீயைத் திணித்தார். இன்னொன்றைக் கணவனிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பாளர்தான். கழுத்துப் பட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இப்ப நான் குழாய் இல்ல. டீ குடிக்கிற மனுஷன். டீ குடிக்கிற மனுஷன் பேசலாம். மொதல்ல குடிங்கம்மா, ஆறிடும்."

அவள் குடிக்கவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க? உங்களுக்குத் தெரியாததா? உங்க வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"என்னங்கன்னுதாம்மா" என்றார் அவர். "நான் சொன்னா எனக்கு வேலை போயிரும். வேலை போனா அவளுக்கு அனுமதி போயிரும். அப்புறம் அவ என்னை என்னங்கன்னு போன்லதான் கூப்பிடணும்."

அவள் டீயைக் குடித்தாள்.

அவர் இருபக்கமும் பார்த்துவிட்டுக் கணவனிடம் குனிந்தார். "மேல்முறையீடு செஞ்சீங்கன்னா அந்த நிபுணர்கிட்டதான் மறுபடி வரும். வேண்டாம் தம்பி. கீழ்த் தளத்துல பேர் மாத்தற ஆபீஸ் இருக்கு. அங்க யாரும் காரணமே கேக்க மாட்டாங்க. என் பின்னாடி வராதீங்க. நான் முன்னாடி போறேன், நீங்க சும்மா அதே பக்கமா நடங்க."

கீழ்த் தளத்து ஆபீசில் கதவே இல்லை. ஒருத்தி உட்கார்ந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். தன் பெயர் என்னங்க என்று அவன் எழுதிக் கொடுத்தான். பழையது அவனுடைய அப்பா யோசித்து யோசித்து வைத்த பெயர். அவர் இப்போது இல்லை.

"பழைய பேர் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

நகம் தேய்த்தவள் ஏதோ சொன்னாள். ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டீ குடிக்கிற மனுஷன் காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார். "ரத்தாயிருமாம். இனிமே அந்தப் பேர்ல யாரும் இல்லையாம்."

அப்படியாகத் திருவாளர் என்னங்க மேலே போய்க் கையெழுத்துப் போட்டு அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார். விசாரணை அதிகாரி எழுந்து வந்து கை குலுக்கினார். "உங்களைச் சந்திக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன். உங்க மனைவி உங்கமேல எவ்வளவு பிரியமா இருக்காங்க தெரியுமா?" என்று சொன்னார். பாஸ்போர்ட்டில் இருந்த அந்த மற்ற ஆளும் இதே முகச்சாயல் என்பது அவர் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. பட்டிருந்தாலும் அதைக் குறிப்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அவன் அம்மா புதுப் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"ஏண்டா, இங்க தெருவுல எவ எவளோ அவ அவ புருஷனைக் கூப்பிடுவாளே. இனிமே நீ ஊருக்கு வந்தா எல்லாத்துக்கும் திரும்பிப் பாப்பியா?"

"விடும்மா. பேர்ல என்ன இருக்கு?"

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டே. பெத்தவ நான் உன்னை எப்படிடா கூப்பிடுவேன்? நானும் உன்னை என்னங்கன்னா கூப்பிடணும்?"

கிடங்கில் ஒலிபெருக்கி அறிவித்தது: "என்னங்க, மூணாவது கதவுக்கு வரவும்." மேற்பார்வையாளர் தடித்த குரலில், "என்னங்க, இந்தப் பெட்டியை எடு" என்பார். அவருக்கு அது வெறும் பெயர். லாரிக்கார அண்ணன் மட்டும் லாரியிலிருந்து இறங்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாப்ள, உன் சூப்பர்வைசரே உனக்குப் பொண்டாட்டி ஆயிட்டான்டா! கிடங்கு பூரா உன் சம்சாரம்தான்!" சிரித்து முடித்தபின் அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டில் பாதியை அவன் தட்டில் வைத்தான். அதற்குமேல் அந்தப் பெயரைச் சொல்லி அவன் கூப்பிடவே இல்லை. "மாப்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

நாடு முழுவதும் அவனை என்னங்க என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு, கூப்பிடாமல் நின்றுபோனது ஒருத்திதான்.

பஸ் நிறுத்தத்தில் அவள் அவனைத் தூரத்தில் பார்த்ததும் வாயைத் திறப்பாள். அப்படியே மூடிக்கொள்வாள். பக்கத்தில் வந்து சாவியை மட்டும் நீட்டுவாள். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"என்னம்மா, பேசவே மாட்டேங்கறே? கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் கூப்பிட மாட்டேங்கறே?"

"எப்படிக் கூப்பிடறது?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அது இப்ப உங்க பேரு. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் தம்ளரைத் தட்டினாள், வளையலைக் குலுக்கினாள். சில சமயம் இருமினாள். "சளி பிடிச்சிருக்கா?" என்று அவன் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொள்ளும்போதும் இடறியது. "அவரை நல்லா வச்சுக்கோ" என்று வேண்டிக்கொண்டாள். சாமிக்கு யாரென்று தெரியும். அட்டை கேட்காமல் ஆளைத் தெரிந்துகொள்கிற இடம் அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஒருநாள் இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு விழுந்தது. சந்தைக்குப் போனார்கள். நல்ல கூட்டம். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். ஒரு திருப்பத்தில் அவளுடைய செருப்பு வார் அறுந்துவிட்டது. அவள் நின்றாள். அவனுக்குத் தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்தான்.

அவள் வளையலைக் குலுக்கினாள். இருமினாள். கையைத் தட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலை கூட்டத்தில் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவள் தொண்டைவரை வந்தது, அந்தச் சொல். அங்கேயே சிக்கிக்கொண்டது.

அப்போது வேறொன்று வந்தது. கண்ணை மூடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அவன் அப்பா வைத்த அந்தப் பழைய பெயர், யாருக்கும் சொந்தமில்லை என்று அரசாங்கம் தள்ளிவிட்ட பெயர், அவள் வாயிலிருந்து முழுசாக, உரக்க வந்தது.

கூட்டத்தில் அவன் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை. பிறகு பையோடு ஆட்களை இடித்துக்கொண்டு வேகமாக அவளிடம் வந்தான். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். யாராவது கேட்டிருப்பார்களோ என்று. பிறகு குனிந்து அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாரைக் கோத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

அவளும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அவன் காதில் சொன்னாள்.